கந்தப்பளை ஜீவராணியின் லொறித் தரகு

கந்தப்பளையில் ஜீவராணியைத் தெரியாத லொறிக்காரன் கிடையாது. அவளிடம் லொறி ஒன்றும் இல்லை. தோட்டம் இல்லை, கடையும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு போனும், எவ்வளவு ஏச்சையும் வாங்கிக்கொள்ளும் காதும்தான். மரக்கறி முதலாளிக்கு லொறி பிடித்துக் கொடுப்பாள், லொறிக்காரனுக்கு லோட் பிடித்துக் கொடுப்பாள், இரண்டு பக்கமும் தரகு வாங்கிக்கொள்வாள். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் மகள் வினோதாவை வளர்த்துக் கட்டிக்கொடுத்தது அந்தத் தரகில்தான்.

சும்மா உட்கார்ந்து போனில் பேசிச் சம்பாதிக்கிறாள் என்று ஊர் சொல்லும். ஊருக்கென்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லும். அவள் பட்ட பாடு யாருக்குத் தெரியும்? நுவரெலியாவில் இருக்கும் பொன்னையா முதலாளி விடிந்ததும் விடியாததுமாகக் கூப்பிடுவார்.

"எங்க அந்தக் குடிகாரப் பய? லீக்ஸெல்லாம் வாடுது. கையில கெடச்சான்னா செருப்பாலயே அடிப்பேன்!"

அவள் உடனே லொறிக்கார ஜூலியனைக் கூப்பிடுவாள். "தம்பி, மொதலாளி ஒன்னயத்தான் தேடுறாரு. நீ ஏத்துனாத்தான் சாமான் பத்திரமாப் போகும்ங்கிறாரு. வெரசா வா."

"அந்தக் கஞ்சப் பிசினாறி இன்னும் மூட்டையே கட்டியிருக்க மாட்டான். நான் எதுக்குக்கா அங்க வந்து காயணும்?" என்று ஜூலியன் கத்துவான். அது முதலாளி காதுக்குப் போகும்போது, "டயருக்குக் காத்தடிச்சிக்கிட்டு இருக்கான்ங்க, இந்தா வந்துருவான்" என்று ஆகிவிடும். இந்தப் பொய் இல்லாவிட்டால் பொன்னையாவின் மரக்கறியில் ஒரு கோவாகூடப் பேலியகொடைச் சந்தையைப் பார்த்திருக்காது.

அவள் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். முதலாளியின் நம்பர் லொறிக்காரனுக்குப் போகக் கூடாது, லொறிக்காரனின் நம்பர் முதலாளிக்குப் போகக் கூடாது. போனால் அவள் எதற்கு? பொன்னையாவின் கந்தப்பளை ஸ்டோரில் மூட்டை ஏற்றுவது கூலியாட்கள், பேலியகொடையில் இறக்குவதும் வேறு ஆட்கள். அதனால் ஆண்டுக்கணக்காக அவர் சாமானை ஏற்றியும் ஜூலியன் பொன்னையாவின் முகத்தைப் பார்த்ததில்லை.

ஒரு வருஷத்து அடைமழையில் வினோதாவைப் பிரசவத்துக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆப்பரேஷன் என்று டொக்டர் சொன்ன நேரம் பார்த்து றம்பொடைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடியது. ஜூலியனின் லொறி லோட்டோடு நடுவழியில் நின்றது. திரும்பவா, நிற்கவா என்று அவன் கேட்கிறான். என் சாமான் என்னாச்சு என்று முதலாளி கேட்கிறார். போனை அணைக்கச் சொல்லி நர்ஸ் சிங்களத்தில் அதட்டுகிறாள். உள்ளே கிடப்பது பெற்ற மகள். ஜீவராணிக்கு வெறுத்துப்போயிற்று.

"இந்தாங்க நம்பர், நீங்களே பேசிக்கிருங்க!" என்று இருவருக்கும் சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள்.

பேசினார்கள். ஜூலியன் லொறியைத் திருப்பி ஹட்டன் வழியாகக் கொண்டுபோனான். சாமான் நல்ல விலைக்குப் போனது. வினோதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜீவராணி ஊருக்குத் திரும்பி வந்தாள், போன் மட்டும் அடிக்கவில்லை.

அவளே கூப்பிட்டாள். "ஒனக்கு எதுக்குத் தங்கச்சி வீண் சிரமம்? பேரப்பிள்ளயப் பாத்துக்கிட்டு நிம்மதியா இரு" என்றார் முதலாளி. "மொதலாளி தங்கமான மனுசன்க்கா, எல்லாம் நேராவே பேசிக்கிறோம்" என்றான் ஜூலியன். தங்கமான மனிதனாம்! அவரைப் பற்றி அவன் அப்படி நம்பியது யார் சொல்லி? ஆண்டுக்கணக்காகப் பொய் சொல்லிச் சொல்லி ஒருவனை மற்றவனுக்கு நல்லவனாக்கி வைத்தது அவள்தான். சேதி பரவி, மற்ற முதலாளிகளும் நேராகவே லொறி பிடிக்கத் தொடங்கினார்கள். பேத்திக்குப் பால்மா வாங்கவும் மருமகன் கையைப் பார்க்க வேண்டிய நிலைமை வந்தது.

முதலாளியும் ஜூலியனும் கொண்டாடிய தேனிலவும் நெடுநாள் நீடிக்கவில்லை. ஒரு நாள் லொறி பிந்தியது. குடிகாரப் பய என்று முதலாளி போனிலேயே ஏச, ஜூலியனும் திருப்பி ஏசிவிட்டு அவர் நம்பரைத் தடுத்து வைத்தான். ஸ்டோரில் லீக்ஸ் மலைபோலக் குவிந்து கிடந்தது. முதலாளிக்கு அப்போதுதான் தங்கச்சி ஞாபகம் வந்தது.

"அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லும்மா. நீ சொன்னாக் கேப்பான்."

"சொல்றேன்ங்க. பழையபடி நம்ம தரகு உண்டுதானே மொதலாளி?"

"என்னா தங்கச்சி, ஒரு வார்த்த சொல்றதுக்கெல்லாமா தரகு கேப்ப?"

"சரிங்க, என்னா சொல்லணும்?" என்று கேட்டாள் ஜீவராணி. "நாளைக்கு வராட்டி அந்தப் பிச்சக்காரப் பய கந்தப்பளையில லொறி ஓட்ட மாட்டான்னு சொல்லு" என்றார். மற்ற நாளாக இருந்தால் அது வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்திருக்கும். அன்று ஒரு எழுத்துக் குறையாமல் ஜூலியனிடம் சொன்னாள். முதலாளியின் அம்மாவையும் இழுத்து அவன் ஏசிய பதிலையும் அப்படியே கொண்டுவந்து அவரிடம் சேர்த்தாள்.

லீக்ஸ் அழுகி நாறியது. ஜூலியனுக்கு அந்த வாரம் முழுக்க லோட் இல்லை. ஆளுக்கொரு பக்கம் நின்று ஊரெல்லாம் ஏசித் திரிந்தவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். நல்லா இருந்த ரெண்டு பேரைக் கோள் சொல்லிப் பிரித்தவள் ஜீவராணி. கந்தப்பளையும் அதைத்தான் நம்பியது.