ரைட்டுன்னா எந்தப் பக்கம்?

எண்பதுகளின் நடுவில், தை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, பாப்பாரப்பட்டிக்கும் மாரண்டஹள்ளிக்கும் இடைப்பட்ட மண் சாலைகளில் நடந்தது இது. எங்கள் உறவினர்கள் இன்றும் சனிக்கிழமை என்று சாதிக்கிறார்கள். வெள்ளிதான். அன்று காலை அண்ணி தலைக்குக் குளித்திருந்தார். ஹெல்மெட்டுக்குள் கூந்தல் காயவே இல்லை என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்தார். நாள் கிழமையில் தப்பு விடுவது எனக்கு ஆகாது.

அது மூன்று நாள் கார் பந்தயம். பெங்களூரில் புதன்கிழமை தொடங்கியது. சாம்பியன்ஷிப் புள்ளிகளுக்காக வெளிநாட்டு வீரர்களும் வந்திருந்தார்கள். சாதாரணச் சாலைகளில் வரிசையாகப் போய், அங்கங்கே பொதுமக்களுக்கு மூடப்பட்ட சரளை மண் பாதைகளில் கடிகாரத்தோடு போட்டி போட்டு ஓட்ட வேண்டும். அந்த மூடிய பகுதிக்கு ஸ்டேஜ் என்று பெயர். அனுமதித்த தாமதத்துக்கு மேல் போனால் வெளியேற வேண்டியதுதான். கார் பத்திரிகைகளைப் பழைய கடையில் வாங்கி, மாதவாரியாக அடுக்கிப் படித்து வளர்ந்தவன் நான். உள்ளூர்க்காரர்களும் சேரலாம் என்ற அறிவிப்பைப் பார்த்ததும் நேராக அண்ணியிடம் போய் நின்றேன்.

அண்ணனிடம் போகாததற்குக் காரணம் உண்டு. மாரண்டஹள்ளியில் எங்களுக்குத் தக்காளி மண்டி. ஜீப்பில் லோடு ஏற்றி ஓசூர் வரை ஓட்டிப் போவது அண்ணிதான். ஒரு சீசனில் டிரைவர் சொல்லாமல் நின்றுவிட, ஸ்டியரிங்கைப் பிடித்தவர் பிறகு விடவில்லை. என் அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. பந்தயம் என்றதும் ஒரு நிபந்தனை போட்டார்.

"முழுசா முடிச்சிட்டு வந்தா நீயே ஓட்டிக்கம்மா. பாதியில கட்டி இழுத்துட்டு வந்தா, சாவிய ஆணியில மாட்டிடணும். அப்புறம் வண்டிப் பக்கமே போவக்கூடாது."

"சரிங்க மாமா" என்றார் அண்ணி. அண்ணன் மறுநாளே நான்கு டயர்களையும் புதிதாக மாற்றி வைத்தார்.

எங்கள் மண்டி ஜீப்பையே அண்ணி ஓட்ட வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அமைப்பாளர்கள் தந்த வழிப்புத்தகத்தைப் பார்த்து வளைவுகளைச் சொல்ல வேண்டும். "பொம்பள வண்டி ஓட்டுது, ஆம்பள பொஸ்தகம் படிக்கிறான் பாருடா" என்று வழியில் சிரித்தார்கள். கேட்காத மாதிரி இருந்துகொண்டோம். முதல் இரண்டு நாளும் கையை நீட்டியே வழி காட்டினேன், சிக்கல் இல்லை. வியாழன் மாலை என் பக்கத்துக் கதவின் கொண்டி உடைந்தது. கயிற்றால் கட்டினோம், அதுவும் அறுந்தது. ஆக, வெள்ளிக்கிழமை ஒரு கையில் கதவு, ஒரு கையில் புத்தகம். வாய் மட்டும்தான் மிச்சம்.

பாப்பாரப்பட்டிப் பக்கத்து ஸ்டேஜில் முன்னால் போன காரின் புழுதி சுவர் மாதிரி நின்றது. வலப்பக்க வளைவு வந்தது. "ரைட்!" என்று கத்தினேன். அண்ணி ஆக்சிலேட்டரை அழுத்தினார். "ரைட்! ரைட்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இன்னும் அழுத்தினார். ஜீப் நேராக முள்வேலியைப் பிய்த்துக்கொண்டு ஒரு தோட்டத்தின் நடுவில் போய் நின்றது.

"ரைட்டுன்னா சோத்தாங்கை பக்கம்ங்க அண்ணி!"

"ஏன் தம்பி, பஸ்ஸுல கண்டக்டரு ரைட்டுன்னா டிரைவரு சோத்தாங்கை பக்கமா திருப்புறாரு? அடிச்சுக் கெளப்பிக்கிட்டுப் போறதில்ல?"

நாங்கள் போய் நின்றது தக்காளித் தோட்டம். ஓடி வந்த தோட்டக்காரர் எங்கள் மண்டிக்கே காய் போடுகிறவர். "பறிக்கறதுக்குள்ள லோடு ஏத்த வந்துட்டீங்களா மண்டிக்காரம்மா?" என்று கேட்டுவிட்டு, அவரே ஆட்களைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளிவிட்டார். ஒரு ஹெட்லைட் உடைந்து, மட்கார்டு நசுங்கியிருந்தது. ரேடியேட்டரில் வேலிக் குச்சி ஏறியிருந்ததை நாங்கள் அப்போது பார்க்கவில்லை.

அந்த இடத்திலேயே லெப்ட்டையும் ரைட்டையும் தூக்கி எறிந்தோம். சாப்பிடும் கைப்பக்கம் என்றால் 'சோறு'. கால் கழுவும் பீச்சாங்கைப் பக்கம் என்றால் 'பீச்சை'. அதன் பிறகு ஒரு வளைவுகூடத் தவறவில்லை.

ஸ்டேஜ் முடிந்த இடத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட அதிகாரி ஒருவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். ஓட்டி வந்த அண்ணியை விட்டுவிட்டு என்னிடம் பேசினார்.

"மிஸ்டர், உங்களுக்கு இன்னும் கொஞ்ச டைம்தான் பாக்கி. விலகிக்கிறோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். மேடத்துக்கும் ரெஸ்ட். அப்புறம், வழி பூரா என்னமோ அசிங்கமா கத்தறீங்கன்னு கம்ப்ளெயின்ட். ஃபாரின்காரங்க வந்திருக்காங்க சார்."

அண்ணி ஹெல்மெட்டைக் கழற்றினார். "ஃபாரின்காரருக்குப் பீச்சைன்னா என்னன்னு யாருங்க சொல்லிக் குடுத்தது? நீங்களா?"

பக்கத்துக் காரில் இருந்த பெங்களூர்ப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரிக்கு முகம் சிவந்தது. "உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்."

"எங்க நல்லத நாங்க பாத்துக்கறோமுங்க. வண்டி ஓடுதுல்ல? டைம் இருக்குதுல்ல? ஓடுற வண்டிய எதுக்குங்க நிறுத்தணும்?"

அவர் எங்கள் நேர அட்டையில் முத்திரையைக் குத்தி அனுப்பினார்.

கடைசி ஸ்டேஜ் மாரண்டஹள்ளிக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் முடிகிறது. எங்கள் ஊர். பாதை நெடுக ஆட்கள். "மண்டிக்காரம்மா வருது, தக்காளிய எல்லாம் எடுத்து உள்ள வெய்யிங்க!" என்று ஒருவர் கத்தினார். தோட்டத்துக்குள் போன செய்தி எங்களுக்கு முன்பே பஸ் ஏறி வந்துவிட்டது. பாதி தூரத்தில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. அண்ணி நிறுத்தினார். ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிணறு இல்லை. என் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்போது மேட்டிலிருந்து ஒரு அம்மா தூக்குப்போசியோடு இறங்கி ஓடி வந்தார். "அந்த வளைவுல இருந்து சோறு சோறுன்னு கத்திக்கிட்டே வரீங்களே, எத்தன நாளுங்க ஆச்சு சாப்பிட்டு?" என்று போசியை நீட்டினார். அண்ணி திறந்து பார்த்தார். பழைய சோறு. மேலே நிறைய நீச்சத்தண்ணி.

அண்ணி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வண்டியில் கிடந்த சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, நீச்சத்தண்ணியை என் துண்டில் வடிகட்டி, அத்தனையையும் உள்ளே ஊற்றினோம். அந்த அம்மா வாயில் கை வைத்து நின்றார். "என்னா கொடும இது, வண்டிக்கா பசி?" என்றவர், அடுத்த நொடியே மேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். களைக்கொத்தோடு இருந்த பெண்கள் தங்கள் போசிகளையும் கொண்டுவந்து கவிழ்த்தார்கள். கஞ்சி ஓட்டையை அடைத்ததா, வெறும் ஈரம்தான் காப்பாற்றியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜீப் கிளம்பியது.

சோறு, பீச்சை, பீச்சை, மறுபடியும் சோறு. ஆவி மீண்டும் கண்ணாடியை மறைக்கத் தொடங்கியது. கடைசி வளைவு தாண்டியதும் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன், தொலைவில் நேராக மாந்தோப்பு. அண்ணிக்கு எதிரே ஒன்றும் தெரியவில்லை. தலையைப் பக்கவாட்டில் வெளியே நீட்டியபடி கத்தினார்: "இப்ப எந்தப் பக்கம் தம்பி? சோறா, பீச்சையா?"

"ரெண்டும் இல்லீங்க அண்ணி. ரைட்!"

அடிச்சுக் கெளப்பினார்.

தோப்புக்குள் நுழைந்து முடிவுப் பலகையைத் தாண்டிய பிறகுதான் எஞ்சின் நின்றது. நேரம் குறிப்பவர் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு, எங்கள் எண்ணை எழுதினார். முடித்தவர்களில் நாங்கள்தான் கடைசி. எங்களுக்கு முன்னால் புறப்பட்ட பல பெரிய கார்களின் பெயர்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அப்பா மரத்தடியில் நின்றிருந்தார். வண்டியைச் சுற்றி வந்து மூக்கைச் சுளித்தார். "என்னம்மா, வண்டி பூரா கஞ்சி வாசம்?"

அண்ணி சாவியை உருவி அவர் முன்னால் நீட்டினார். "இந்தாங்க மாமா, வேணுங்களா?"

அப்பா கையை நீட்டவில்லை. "அத என்னாத்துக்கு என்கிட்ட குடுக்கிற? காலையில லோடு இருக்குது" என்று சொல்லிவிட்டு, வந்த சிரிப்பை ஊரார் பார்க்காதபடி மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. உங்கள் நல்லதுக்குத்தான், போதும், நிறுத்திக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். நான் வண்டி இன்னும் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன். ஓடுகிறது என்றால், மனதுக்குள் அண்ணி புரிந்துகொண்ட அர்த்தத்திலேயே ஒரு 'ரைட்' சொல்லிக்கொள்கிறேன்.