உறவுக்காரர் இல்லாத ஊர்

சந்திரமதி பாரிசுக்கு ஒன்பது தடவை போயிருக்கிறாள். ஈஃபிள் கோபுரத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. லண்டனுக்கு ஆறு தடவை. அங்கே பார்த்தது கல்யாண மண்டபங்களையும் அவற்றின் பின்பக்கத்துக் கார் நிறுத்துமிடங்களையும்தான். யாராவது வீட்டில் சாமத்தியச் சடங்கு, கல்யாணம், செத்தவீட்டு அந்தியேட்டி என்று அழைப்பு வந்தால் வெள்ளிக்கிழமை சுவிசில் தான் இருக்கும் ஓல்டனில் காரில் ஏறுவாள். ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய பலகாரத்தோடு திரும்புவாள். இருபத்தாறு வருடம் ஐரோப்பாவில் இருந்தவள் ஐரோப்பாவைக் கண்ட அழகு இது.

முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வரும்போது ஓல்டன் ரயில் நிலையத்தில் 'மிலானோ' என்று போட்ட ரயில் நிற்கும். வருடக்கணக்காக அதை வழியனுப்பியவள் அவள். ஏறிப் போய்விடவேண்டும் என்று நெஞ்சு கிடந்து அடிக்கும். யாருக்கும் சித்தியாக இல்லாமல், யாருக்கும் மச்சாளாக இல்லாமல், சும்மா ஒரு பெண்ணாக ஒரு தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கவேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஆசை. ஐம்பத்திரண்டு வயதில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமலே இருந்தாள்.

இந்த வருடம் துணிந்துவிட்டாள். மிலானில் மாறினால் வெனிஸ். கார் ஓடாத பழைய நகரம். அதைவிடப் பெரிய விசேஷம், அங்கே தெரிந்த சனம் ஒருவரும் இல்லை. அக்டோபரில் வியாழனும் வெள்ளியும் ஃபெரியன், அதுதான் லீவு, வேண்டும் என்று வேலையிடத்தில் எழுதிக் கொடுத்தாள். வாய்க்கால் ஓரமாக ஓர் அறையும் பதிந்தாள்.

"தண்ணி பாக்கவோ அவ்வளவு தூரம்? ஆரே ஆறு எங்கடை வீட்டுக்குப் பின்னாலைதானே ஓடுது" என்றார் கணவர் தவராஜா.

"அதைப் பாத்துப் பாத்துத்தான் உடுப்புக் காயப்போடுறன். இதை நான் சும்மா நிண்டு பாக்கவேணுமப்பா."

தவராஜா சம்மதித்தார். சம்மதித்ததோடு நின்றிருக்கலாம். மனுசனுக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'நாங்கள் வெனிஸ் போறம்' என்று போட்டுவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் கனடாவிலிருந்து ஒரு மாமா கண்டுபிடித்துச் சொன்னார்: தவராஜாவின் ஒன்றுவிட்ட தம்பி தவச்செல்வன் மெஸ்த்ரேயில் இருக்கிறானாம். வெனிசுக்குப் பத்து நிமிட ரயில்.

சொந்தம் இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்கினால் அடுத்த பத்துக் கல்யாணத்திலும் அதுதான் கதை. தவராஜா அன்றைக்கே அறையை ரத்துச் செய்துவிட்டு வந்து சொன்னார். சந்திரமதி கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். என்ன நடக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். வியாழன் மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி, பின்னேரம் கல்யாண அல்பம். வெள்ளி காலையில் 'சாப்பிட்டிட்டுப் போங்கோ', பிறகு ரயில். வெனிசும் ஒரு மண்டபமாகிவிடும்.

மறுநாள் தவச்செல்வனின் மனைவி ராஜேஸ்வரி போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, நண்டு சாப்பிடுவியளோ, இறாலோ? சமைக்கவெண்டு ரெண்டு நாளும் லீவு எடுத்திட்டன்."

சந்திரமதிக்கு எரிச்சல் அடங்கவில்லை. "அதை விடும். வெனிசிலை முதல்லை எதைப் பாக்கவேணும், சொல்லும் பாப்பம்."

ராஜேஸ்வரி மெதுவாக, "எனக்கு வடிவாத் தெரியாதக்கா" என்றாள். "பதினொரு வருஷமா அங்கைதான் ஹோட்டல் அறையள் துப்புரவாக்கிறன். விடியப் பின்கதவாலை போறது, முடியப் பிள்ளையளிட்டை ஓடிவாறது. லீவு நாளிலை ஆரும் வருவினம், அவையளுக்குச் சமைக்கவேணும். படகிலை ஒருநாளும் ஏறேல்லை."

சந்திரமதியின் கோபம் போன இடம் தெரியவில்லை. அவளைவிட மோசமாக ஏமாந்தவள் ஒருத்தி, அந்த நகரத்துக்குள்ளேயே வேலை செய்கிறாள்.

"ராஜேஸ்வரி, நண்டும் வேண்டாம், இறாலும் வேண்டாம். அடுப்பு மூட்டாதையும். வியாழக்கிழமை வெனிஸ் ஸ்டேசனுக்கு வாரும். ரெண்டு நாளும் சுத்திப் பாப்பம்."

"ஐயோ அக்கா, வந்த ஆக்களுக்குச் சாப்பாடு குடுக்கேல்லையெண்டு சனம் கதைக்குமே!"

"வந்த ஆக்கள் நாங்கள்தானே. நாங்கள் கதைக்கமாட்டம்."

ராஜேஸ்வரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"அக்கா, அண்டைக்கு நான் என்னத்தை உடுத்திக்கொண்டு வாறது? வேலை உடுப்போடை இல்லாமல் நான் அங்கை போனதேயில்லை."