பேய் முதலில் இறங்க வேண்டும்

"லைட்ட ஆட்டாத ரூத்து. தோ, அங்கியே வெய்யி."

வேனின் கடைசி சீட்டுக்கு அடியில் தலையையும் ஒரு தோளையும் நுழைத்திருந்தார் ஞானதாஸ். மகள் ரூத் டார்ச் பிடித்திருந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து வந்ததும் நடக்கிற வேலை. உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன: கடித்த பென்சில், ஒற்றை சாக்ஸ், கல்லாகிப்போன இட்லித் துண்டு, கடைசியில் ஒரு பால் பல்.

"ஜோஷ்வாது," என்றார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து.

"பேர் எழுதியிருக்கா நைனா?"

"பேரு எதுக்கு? ஒரு வாரமா நாக்கால ஆட்டி ஆட்டி என்கிட்ட காட்டிகினு இருந்தான். வெள்ளிக்கெழம வுழுந்து காணாமப் பூட்ச்சின்னு இன்னா அழுகைன்ற!"

திங்கட்கிழமை காலை பல் உரியவனிடம் போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை காலைச் சவாரி முடித்து வீட்டுக்கு வந்த ஞானதாஸ், சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. அறுபத்தொரு வயது. அப்பாவோடு ரூத் சேர்ந்து செய்த கடைசி வேலை அந்த டார்ச் பிடித்ததுதான்.

நெம்மேலிக்காரர். பட்டிபுலம், கிருஷ்ணன்காரணை, நெம்மேலி என்று கடலோரச் சாலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, கால்வாய்ப் பாலம் தாண்டித் திருப்போரூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் விடுவார். மாலையில் அதே வழியாகத் திரும்புவார். பதினான்கு வருடம். கடைசியாக அவரிடம் பதினோரு பிள்ளைகள் இருந்தார்கள். அந்த வேனில் பாட்டு கிடையாது. பேய்க்கதை உண்டு. காலையில் ஒரு பேய் ஏறும், மாலையில் இறங்கும். மறுநாள் வேறு பேய்.

பெரிய பேய் எதுவும் அவரிடம் இல்லை. உப்பளத்தில் குடையைத் தொலைத்துவிட்டு மழைக்காலம் முழுக்கத் தும்முகிற பேய். சவுக்குத் தோப்பில் தானே பந்து வீசி, தானே அவுட்டாகி, தன்னோடு தானே சண்டை போடுகிற பேய். வேடந்தாங்கலில் பறவைகளை எண்ணப் போய், கணக்குத் தப்பித் தப்பி, செத்த பிறகும் ஒன்றிலிருந்து எண்ணுகிற பேய். மரத்தில் தலைகீழாகத் தொங்கும் இதைக் குழப்பவே நாரைகள்கூட எழுந்து இடம் மாறி உட்காருமாம்.

ரூத்துக்குக் கல்பாக்கத்தில் வேலை. கதிர்வீச்சை அளக்கும் கருவிகளைச் சரிபார்ப்பாள். ஓர் ஆள்மேல் இவ்வளவுதான் படலாம் என்ற வரம்பு அவளுக்கு அன்றாட விஷயம். அப்பாவிடமும் அப்படி ஒரு வரம்பு இருந்தது. எங்கும் எழுதி வைத்ததில்லை, கேட்டால் சொல்வார்.

"ஒண்ணாங் கிளாஸுக்கு சொல்ற பேய்க்கு சளி புடிச்சிருக்கலாம். ரத்தம் கூடாது. மூணாங் கிளாஸுக்கு காலு திரும்பி இருக்கலாம், ஆனா செருப்பு போட்டிருக்கணும். அஞ்சாங் கிளாஸுன்னா தல இல்லாமகூட வரலாம். ஆனா அந்தத் தல சாயங்காலத்துக்குள்ள கெடைச்சுடணும்."

"எல்லாரும் ஒரே வேன்லதானே இருக்காங்க?"

"அதுக்குத்தான் ஒண்ணாங் கிளாஸ என் பக்கத்துல குந்த வெக்கிறேன். அதுங்களுக்கு ஒரு கதை, பின்னாடி ஒரு கதை. அதே பேய்தான்."

கதையில் பயங்கரமான இடம் எப்போதும் கால்வாய்ப் பாலத்தில் வரும். பாலம் ஏறியதும் ஞானதாஸ் வாயை மூடிக்கொள்வார். பதினோரு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பார்கள். பாலம் இறங்கிய பிறகு கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். இது என்ன உத்தி என்று ரூத் ஒருமுறை ஆர்வமாகக் கேட்டாள்.

"உத்தியுமில்ல ஒண்ணுமில்ல. எதுக்க டிப்பர் லாரி வருது. ரோட்ட பாக்க வேணாமா?"

ஆனால் ஒரு விதியை மட்டும் அவர் விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை. மாலையில் முதல் பிள்ளை இறங்கும் முன் பேய் இறங்கிவிட வேண்டும். சும்மா வாயால் சொல்லி முடிக்க மாட்டார். வண்டியை ஓரம் கட்டுவார், நான்கு விளக்கையும் மினுக்க விடுவார், கீழே இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறப்பார். "எறங்குப்பா, ஒன் ஸ்டாப்பு வந்துட்ச்சு" என்பார். சற்று நிற்பார். பிறகு கதவைச் சாத்துவார்.

ஆரம்ப வருடங்களில் இந்த விதி கிடையாது. அப்போது ராகவன் என்று பட்டிபுலத்தில் ஒருவர், மகன் ஒரு வாரமாகத் தனியாகப் பாத்ரூம் போவதில்லை என்று சண்டைக்கு வந்தார். பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்தபோதுதான் ஞானதாஸுக்கு விளங்கியது. அவன்தான் கடைசி ஸ்டாப். மற்றவர்கள் இறங்கிய பிறகு, பேயும் அவனுமாகப் பத்து நிமிடம் போக வேண்டியிருந்தது.

"நிஜமாவே பேய் இருக்கா நைனா?" ரூத் கல்லூரி முடித்த வருடம் கேட்டது.

"கீதோ இல்லியோ, ஏத்துனவன்தான் எறக்கி வுடணும்."

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏறிய பேயை யாரும் இறக்கிவிடவில்லை. மாலையில் வண்டி ஓட்ட வந்த சம்பத்துக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. பிள்ளைகளை வரிசையாக இறக்கினார், வண்டியைப் பூட்டினார், துக்க வீட்டில் வந்து நின்றார்.

இரண்டு வாரம் கழித்து ரூத்துக்கு போன் செய்தார்.

"பேஜாரா கீது தங்கச்சி. பத்து பேரும் மொத ரெண்டு சீட்டுல அடைஞ்சிகினு ஒண்ணு மேல ஒண்ணு குந்திகினு வருதுங்க. கேட்டா பேய் எறங்கலையாம். அந்தப் பட்டிபுலம் பொண்ணு திவ்யா வண்டி ஏறவே மாட்டேன்னுட்ச்சு. அவங்கம்மா ஸ்கூட்டில இட்டுகினு போயி இட்டுகினு வருது. மாமல்லபுரத்துல ஓட்டல் வேலை அதுக்கு. இன்னும் நாலு நாளு லேட்டா போனா வேலையே பூடும்னு அழுவுது."

திவ்யா இரண்டாம் வகுப்பு. இப்போது கடைசி ஸ்டாப் அவளுடையது.

வெள்ளிக்கிழமை ரூத் லீவு போட்டாள். பள்ளி விடும் நேரத்துக்கு வேனருகே நின்றாள். திவ்யாவின் அம்மா பிரபாவதி மகளின் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டாள். "நீங்க சொன்னீங்கன்னுதான் மேடம். ஏறலைன்னா நான் இட்டுகினு போயிடுறேன்."

ரூத் நோட்டைத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்த வழி அதுதான், முதலில் விவரம் சேகரிப்பது.

"அந்தப் பேய் எப்படி இருந்தது?"

"இம்மாம் ஒயரம்கா. கூரை இடிக்கும்," என்றான் ஜோஷ்வா. பல் போன இடத்தில் காற்று வந்தது.

"பொய்யி. என் தோளு வரைக்கும்தான்," என்றாள் திவ்யா.

"சட்டை ஈரமா கீது."

"அதுக்குச் சட்டையே இல்லடா, லூசு!"

நோட்டில் எதுவும் எதோடும் ஒத்துவரவில்லை. ஒன்றில் மட்டும் பதினோரு பேரும் ஒத்துப்போனார்கள். அந்தப் பேய்க்குத் தன் ஸ்டாப் மறந்துவிட்டது. பாவம், கண்ட பஸ்ஸிலும் ஏறி ஏறி இறங்குகிறது.

"மத்தியானம் விசாரிச்சுகினு வந்து சாயங்காலம் எறக்கி வுடுறேன்னாரு அங்கிள்," என்றாள் திவ்யா. "விசாரிச்சாராக்கா?"

"இல்ல. அதுக்குள்ள..." ரூத் பேனாவை மூடினாள். "இல்ல."

முன்சீட்டில் உட்காரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மெதுவாகக் கேட்டது: "அப்ப அந்தப் பேய் அங்கிள்தானா?"

"ச்சீ, அவரா இருந்தா எல்லா ஸ்டாப்பும் தெரியுமே," என்றான் ஜோஷ்வா. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

சரி, எங்கே இறக்கலாம்? நெம்மேலிப் பிள்ளைகள் பட்டிபுலம் என்றார்கள். "இன்னாத்துக்கு? ஒங்க ஊர்லயே எறக்கு!" என்று திவ்யா சீறினாள். கிருஷ்ணன்காரணை கடற்கரை என்று ஒருவன் சொல்ல, அந்த ஊர்க்காரி அவன் தலையில் டிபன் பையால் ஒன்று வைத்தாள். கால்வாய் என்றால் அதற்கு நீச்சல் தெரியாது. பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிடலாம் என்றதற்குப் பதினோரு பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

சம்பத் கடிகாரத்தைப் பார்த்தார். பிரபாவதி ஸ்கூட்டி சாவியைக் கையில் எடுத்தாள்.

"ஒங்க வூடு எங்கக்கா கீது?" என்று கேட்டாள் திவ்யா.

"புதுப்பட்டினத்துல. கல்பாக்கம் பக்கம்."

"இந்த வேன் அங்க போவுமா?"

"போகாது."

"அப்ப நீங்க இட்டுகினு போங்க." ரூத்தின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். "பயமா கீதா?"

"கொஞ்சம்."

"அது ஒண்ணியும் பண்ணாதுக்கா. வழிதான் தெரியாது."

சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். பிரபாவதி சாவியைப் பைக்குள் போட்டாள்.

பாலத்தில் யாரும் பேசவில்லை. நெம்மேலி கூட்டு ரோட்டில், முதல் பிள்ளையின் ஸ்டாப்புக்கு முன்பாக, சம்பத் ஓரம் கட்டி விளக்குகளை மினுக்க விட்டார். ரூத் இறங்கிச் சுற்றி வந்து பக்கக் கதவைத் திறந்தாள். அப்பா சொல்வதைச் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. "வா" என்று மட்டும் சொன்னாள்.

கதவில் கை வைத்ததும் திவ்யா தடுத்தாள். "இருங்கக்கா. அது மெதுவாத்தான் எறங்கும்."

ரூத் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. திவ்யா தலையை ஆட்டினாள். கதவு சாத்தப்பட்டது. வேன் நகர்ந்தபோது உள்ளே இரண்டு பேர் எழுந்து கடைசி சீட்டுக்கு ஓடினார்கள், ஜன்னல் சண்டை தொடங்கியது.

கல்பாக்கம் பஸ் அரை மணி நேரம் கழித்து வந்தது. இருவர் உட்காரும் சீட் ஒன்று காலியாகக் கிடைத்தது. மாமல்லபுரத்தில் கூட்டம் ஏறியது. கையில் துணிக்கடைப் பையோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

"இங்க ஆளு வருதாம்மா?"

"வருது," என்றாள் ரூத்.

அந்தப் பெண் பஸ்ஸை முன்னும் பின்னும் பார்த்தாள். ஏறுவதற்குக் கீழே யாரும் இல்லை. "எங்க எறங்குவாங்க?"

"தெரியல. விசாரிக்கணும்," என்று சொல்லிவிட்டு, ரூத் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக இன்னும் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தாள்.