டால்ஃபினைப் பார்க்க எல்லோரும் எழுந்தபோது

ஃபெர்ரியில் தீவுக்குத் தீவு போகிறவர்களுக்கு உதவும் சொற்களைப் பட்டியல் போட்டுத் தருகிறேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். தருகிறேன். அதற்கு முன்னால், அந்தமானில் எங்களுக்கு நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து இருபத்தெட்டுப் பேர் டூர் போனோம். அம்மா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள். ஒருவருக்கும் நீச்சல் தெரியாது – பள்ளியின் ஆபீஸ் அசிஸ்டென்ட் எஸ்தர் அக்காவைத் தவிர. அவர் சதுரங்கப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண்.

நீச்சல் தெரியாதவன் என்ன செய்வான்? படிப்பான். ஒரு நோட்டு முழுக்கக் கப்பல் வார்த்தைகளாக எழுதி மனப்பாடம் செய்தேன். ஜெட்டி என்றால் படகுத்துறை. டெக் என்றால் தளம். முகப்பைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் போர்ட், வலப்பக்கம் ஸ்டார்போர்ட். கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லோரிடமும் ஒப்பித்தேன்.

எஸ்தர் அக்கா மட்டும் முழுசாகக் கேட்டார். "இம்மாம் பேரு சொன்னா கடலு பயந்துடுமா தம்பி?"

ஹேவ்லாக்கிலிருந்து நீல் தீவுக்குச் சின்ன ஃபெர்ரி. அன்று அலை கொஞ்சம் அதிகம். பாதி வழியில், இடப்பக்கம் யாரோ கையை நீட்டி "டால்ஃபின்" என்றார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உச்சிவேளையில் மலைமேல் நின்று யாராவது வானத்தைக் காட்டினால் போதும் – கோயில் சோற்றுக்குக் கழுகு வந்துவிட்டது என்று மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் பாயும். இப்போதெல்லாம் கழுகு வருவதில்லை. பழக்கம் மட்டும் போகவில்லை.

மலை சாயாது. படகு?

தளம் சறுக்குமரம் ஆனது. தண்ணீர் பாட்டில்கள் என்னைத் தாண்டி உருண்டு போயின. முதலில் ஓடியவர் அம்மாதான். கம்பியோடு கம்பியாக நசுங்கி நிற்கிறார், முதுகுக்குப் பின்னால் இருபது பேர். கம்பிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் கடல். திரும்பி என்னைத் தேடினார்.

லைஃப் ஜாக்கெட்டா? அந்தப் பெட்டியின் மேல்தான் எங்கள் புளியோதரைக் கூடைகளை அடுக்கியிருந்தோம்!

நான் கத்தினேன். "எல்லாரும் ஸ்டார்போர்டுக்கு ஓடுங்க!"

ஒரு ஆளும் அசையவில்லை. அத்தனை நாள் ஒப்பித்தது ஒரு காதிலும் ஏறவில்லை.

அப்போதுதான் அந்தக் குரல். பள்ளிக்கூட வராண்டாவில் பைல் தூக்கிக்கொண்டு மெதுவாகப் போகிற அக்காவின் குரல் இல்லை அது. "குந்து! இருக்கிற எடத்துலயே குந்து! ஒருத்தரும் நவுரக்கூடாது!"

ஹெட்மாஸ்டர் முதலில் குந்தினார். பிறகு எல்லோரும், ஒருவர் மடியில் ஒருவராக. சாய்வு அதற்கு மேல் போகவில்லை. அடுத்து அக்கா ஒவ்வொருவராகக் கை காட்டினார். நீ வா. அடுத்து நீ. ஆசிரியர்கள் தவழ்ந்து தவழ்ந்து வந்தார்கள். படகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. அம்மா கடைசி. கம்பியை விட்டு விரல்களைப் பிரிக்கவே அவரால் முடியவில்லை. அக்கா தவழ்ந்து போய், ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கூட்டி வந்தார்.

எனக்கு அப்போதும் ரோஷம். நானும் சரியாகத்தானே சொன்னேன் என்றேன்.

"நீ சொன்னாப்ல மொத்தமா இந்தாண்ட ஓடியாந்திருந்தா, போட்டு இந்தாண்ட கவுந்திருக்கும்" என்றார் அக்கா, கூடையை இறக்கி வைத்தபடி. அவர் அப்பாவின் படகில் ஏறுகிற எவருக்கும் இதுதான் முதல் பாடமாம்: சாய்ந்தால் குந்து, பேர் சொன்னால் மட்டும் நகரு.

என் வார்த்தை யாருக்காவது புரிந்திருந்தால்? அதை நினைத்துத்தான் இன்னமும் திடுக்கென்று விழித்துக்கொள்கிறேன். நீல் தீவில் இறங்கும் வரை அம்மா என் கையை விடவில்லை. டால்ஃபினை யாருமே பார்க்கவில்லை.

சரி, வாக்குக் கொடுத்த பட்டியல். முதல் சொல்: குந்து.

மற்றதெல்லாம் கரை ஏறின பிறகு படித்துக்கொள்ளலாம்.