டேஷ்போர்டில் வைத்த எலுமிச்சம்பழம்

எங்கள் அத்தையின் காரில், டேஷ்போர்டின் நடுவில், எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். ஆண்டுதோறும் இன்சூரன்ஸ் புதுப்பித்த கையோடு, சிடாம் கிரியில் எங்கள் ரப்பர் தோட்டத்து எல்லையில் இருக்கும் முனீஸ்வரர் கோயிலுக்கு வண்டியைக் கொண்டு போவார். பூசாரி தேங்காய் உடைத்து, நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் பழம் வைத்து நசுக்கச் சொல்வார். பிறகு சூலத்தின் அடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அத்தையின் கையில் கொடுப்பார். அது அடுத்த பூசை வரை கண்ணாடியோரம் உட்கார்ந்து, காய்ந்து கறுத்து, கோலிக்குண்டு அளவுக்குச் சுருங்கிவிடும். இன்சூரன்ஸ் ஒரு காவல், எலுமிச்சை இன்னொரு காவல். இரண்டில் எதை அத்தை அதிகம் நம்பினார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடுதான் இருந்தார். சுங்கைப்பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. தோட்டத்துப் பெண்களில் சொந்தமாகக் கார் வாங்கிய முதல் ஆள் தான்தான் என்பதில் உள்ளூரக் கர்வம் உண்டு. ஆனால் காரைவிட அவர் பொத்திப் பொத்திப் பாதுகாத்தது வேறொன்றை. இழப்பீடு கேட்காமல் ஆண்டுகள் போகப்போக இன்சூரன்ஸ் கட்டணத்தில் தள்ளுபடி ஏறிக்கொண்டே வரும். அதை எல்லாரும் என்சிடி என்பார்கள். அத்தைக்கு அது கட்டணத்தில் பாதிக்கு மேல் ஏறி, இனி ஏற இடமில்லை என்ற உயரத்தில் நின்றது. கதவில் எவனோ கோடு கிழித்துவிட்டுப் போனபோதும், பாசாரில் பின்விளக்கு உடைந்தபோதும், கைக்காசைப் போட்டுச் சரிசெய்தாரே தவிர இன்சூரன்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பிறகு சர்க்கரை அவர் கண்ணில் கைவைத்தது. கொஞ்ச நாள் யாரிடமும் சொல்லாமல் ஓட்டிப் பார்த்தார். ஒருநாள் விளக்குக் கம்பத்தை ஆள் என்று நினைத்து விடாமல் ஹார்ன் அடித்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் சாவியை மேசைமேல் வைத்தவர், அதை மறுபடி எடுக்கவில்லை. அப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும். நான் பள்ளியை முடித்து, காலேஜில் இடம் கிடைத்து, லைசென்ஸும் எடுத்திருந்த நேரம் அது. புதிதாக ஓட்டுகிறவள் என்று ஊருக்கே சொல்லும் அந்தச் சிவப்பு ‘பி’ ஒட்டியை காரின் முன்னும் பின்னும் ஒட்டினேன். எனக்கு அது மாலை போட்ட மாதிரி. அத்தைக்கு அது அபாயப் பலகை.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பிள்ளை பெயரில் ஒரு பழைய கார் வாங்கிவிடுங்கள் என்றார் ஒருவர். அவள் பெயரை இன்சூரன்ஸில் எதற்கு எழுதுகிறீர்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்றார் இன்னொருவர். அத்தை என்னையே அழைத்துக்கொண்டு டவுனில் இருந்த ஏஜெண்டு அண்ணனின் கடைக்குப் போனார். அவர் நிதானமாகச் சொன்னார். என் பெயரில் கார் வாங்கினால் தள்ளுபடி இல்லாமல் அடியிலிருந்து தொடங்க வேண்டும், தாங்காது. கார் அத்தை பெயரிலேயே இருக்கட்டும். என்னை ஓட்டுநராகப் பெயர் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குக் கொஞ்சம்தான் கூடும். ஆனால் நான் எங்காவது கொண்டுபோய் மோதி, இழப்பீடு என்று போனால், ஏறிய தள்ளுபடி போய்விடும்.

“ஒரு தடவைதான்னாலுமா? முழுசுமா?” என்று அத்தை கேட்டார்.

“முழுசும்தான்க்கா.”

வீட்டுக்கு வந்து என்னை எதிரே உட்கார வைத்தார். “இங்க பாரு புள்ள. இது போச்சுன்னா அடுத்த வருசம் இன்சூரன் எடுக்க நம்பளால முடியாது. இன்சூரன் இல்லன்னா ரோட் டேக்ஸ் இல்ல. காடி வாசல்லயே நிக்கும். எனக்குக் கண்ணு ஆஸ்பத்திரி இல்ல, ஒனக்குக் காலேஜும் இல்ல. வெளங்குதா?” வெளங்கியது. அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடும்போதெல்லாம் அந்தத் தள்ளுபடிதான் நினைவுக்கு வந்தது.

அத்தை இடப்பக்கம் உட்கார்ந்து வரும் பயணங்கள் எனக்குத் தண்டனைதான். மழையில் ஓட்டக்கூடாது, லாரிக்குப் பின்னால் போகக்கூடாது, ரேடியோ கூடாது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய வலது கை ஹேண்ட்பிரேக்கின்மேல் உட்கார்ந்திருக்கும். நான் நேர் சாலையில் ஆமை வேகத்தில் போனாலும் அந்தக் கை அங்கேதான் இருக்கும். என்மேல் நம்பிக்கை இல்லாததைத்தான் இப்படிக் காட்டுகிறார் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். “கைய எடுங்க அத்தை, எனக்கு ஓட்டத் தெரியும்” என்றால், “நீ ஓட்டு லா, நான் சும்மாத்தான் வெச்சிருக்கேன்” என்பார்.

அந்த ஆண்டுப் பூசையில் அத்தை பூசாரியிடம் தனியாக ஒரு வேண்டுதல் வைத்தார். “புதுசா ஓட்டுற புள்ள சாமி, பெரிய பழமாப் பாத்துக் குடுங்க.” பூசாரியும் உள்ளங்கை நிறைய, உருண்டு திரண்ட ஒரு பழத்தைக் கொடுத்தார். அத்தை அதை வழக்கமான இடத்தில் வைத்தார். அத்தனை ஆண்டுகளில் அங்கே வைத்த எந்தப் பழமும் உருண்டதில்லை. அத்தை ஓட்டிய வேகத்துக்கு ஒரு முட்டையை வைத்திருந்தாலும் உருண்டிருக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கருவாடு வாங்க தஞ்சோங் டாவாய் போனோம். நான் ஓட்ட, அத்தை பக்கத்தில், அப்பா பின்னால். ஆற்றுமுகத்துக்குப் பக்கத்தில், கருவாட்டுக் கடைகள் தொடங்கும் இடத்தில், சாலை இடப்பக்கம் வளையும். வளைவில் திருப்பினேன். கண்ணோரத்தில் மஞ்சளாக ஏதோ உருண்டு என் மடியில் விழுந்து, காலடிக்குள் போனது. வளைவைத் தாண்டியதும் எதிரே சாலையோரத்தில் ஒரு மலாய்ப் பெரியவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அதில் உட்கார்ந்தபடியே கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். பிரேக்கை மிதித்தேன். அது இறங்கவில்லை. மறுபடி மிதித்தேன். காலுக்கு அடியில் கல்லை வைத்தாற்போல அப்படியே நின்றது. “அத்தை” என்று மட்டும் வாயில் வந்தது. அதற்குள் ஹேண்ட்பிரேக் கிறீச்சென்று மேலே ஏறியது. கார் குலுங்கி, இழுத்துக்கொண்டே போய், கடைசியில் மோட்டார் சைக்கிளை ஒரு தட்டு தட்டி நின்றது. மோட்டார் சைக்கிள் பெரியவரின் கால்மேல் சாய்ந்தது.

காருக்குள் எலுமிச்சை வாசம் நிறைந்தது. அத்தை குனிந்து என் காலடியில் துழாவினார். பாதி நசுங்கிய பழத்தை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணிமைக்காமல் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லாருடைய விரலும் அந்தச் சிவப்பு ஒட்டியைத்தான் காட்டியது. புதுசு, சின்னப் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் எதற்குக் கார் என்று மலாயில் ஆளாளுக்குப் பேசினார்கள். அப்பா பெரியவரைத் தூக்கி உட்கார வைத்து மன்னிப்புக் கேட்டார். பெரியவர் தங்கமானவர். “தாக் பா, சிக்கிட் ஜா” என்று, பரவாயில்லை, கொஞ்சம்தான் என்று, கையை ஆட்டினார். தன் கம்பத்தில், அதாவது கிராமத்தில், எண்ணெய் போட்டு உருவிவிடுகிற ஆள் இருக்கிறார், அவரிடம் போனால் சரியாகிவிடும் என்றார். அப்பா உடனே பர்ஸை எடுத்துவிட்டார்.

அத்தை காரிலிருந்து இறங்கினார். கை இன்னும் மூடியே இருந்தது. பெரியவரின் முன் குனிந்து, மங்கிய கண்களை இடுக்கிக்கொண்டு அவர் காலைப் பார்த்தார். கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. எழுந்து நிற்கப் பார்த்த பெரியவர் முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“ஆஸ்பத்திரிக்கு ஏத்து தம்பி” என்றார் அத்தை. “அப்புறம் பாலாய்க்குப் போயி ரிப்போர்ட் போடணும்.”

அப்பா குரலைத் தாழ்த்தினார். “அக்கா, போலீஸ் ரிப்போர்ட் போட்டா நம்ப இன்சூரன்லதான் அவருக்குக் குடுக்கணும், என்சிடி போயிரும். அவரே வேணாங்கறாரு. நாம ஏன்?”

“என்சிடி நம்பளோடது. காலு அவரோடது.”

அப்பா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு பர்ஸை உள்ளே வைத்தார். எனக்கு அழுகை வந்தது. அந்த நிமிடம் அத்தைமேல் கோபம்தான் வந்தது. என் காலேஜ் போனது, கண் ஆஸ்பத்திரி போனது என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. அத்தை சாவியை என் கையில் திணித்தார். “எனக்குக் கண்ணு தெரியாது, அவனுக்கு ஓட்டத் தெரியாது. நீதான் ஓட்டணும். பிரேக்குக்கு ஒண்ணும் இல்ல. மிதிச்சுப் பாரு.”

மிதித்தேன். வழுவழுவென்று இறங்கியது. மெர்போக் வழியாக சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரி வரை, பின்னால் பெரியவர் அப்பாவின் மடியில் காலை நீட்டி முனகிக்கொண்டே வர, ஓட்டினேன். அவ்வளவு நீளமான சாலையை அதற்குமுன் நான் ஓட்டியதில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு முறிந்திருக்கிறது, உருவிவிட்டிருந்தால் காலே கோணிப் போயிருக்கும் என்றார்கள். அப்பா வராந்தாவில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

போலீஸ் பாலாயில் சார்ஜன் என்னைப் பார்த்து, எப்படி நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை மூடிய கையை மேசைமேல் வைத்து விரித்தார். நசுங்கிய பழம் அவர் உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது. இதை நான்தான் வைத்தேன், இது பிரேக்குக்குக் கீழே போனது, பிள்ளை மிதித்தாள் என்று தன் உடைந்த மலாயில் சொன்னார். சார்ஜனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு எழுதினார். ஓட்டியவள் நான்தான் என்பதால் சம்மன் எனக்கு வந்தது. ஊர் வாயில் விழுந்த பழியை மட்டும் அத்தை எடுத்துக்கொண்டார்.

தள்ளுபடி போனது. ஏஜெண்டு அண்ணன் அடுத்த ஆண்டுத் தொகையைச் சொன்னபோது அத்தை அதை மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, நம் காருக்கு அடிபட்டால் ஒன்றும் கிடைக்காது, நம்மால் அடிபடுகிறவருக்கு மட்டும் கிடைக்கும் என்கிற குறைந்த கட்டண இன்சூரன்ஸை எடுத்தார். “பழைய தகரந்தானே. அடிபட்டா கெடக்கட்டும். மத்தவங்களுக்கு இருந்தாப் போதும்.” கார் வாசலில் நிற்கவில்லை. அத்தை கண்ணுக்குப் போய்வந்தார். நான் காலேஜ் முடித்தேன். தஞ்சோங் டாவாய் பெரியவர் நன்றாக நடந்தார். அந்தப் பக்கம் போனபோதெல்லாம் அத்தை அவரைப் பார்க்காமல் திரும்பியதில்லை.

அத்தை போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. போன வாரம் என் மகளுக்கு லைசென்ஸ் கிடைத்தது. என் பெயரில் இருக்கும் இன்சூரன்ஸில் அவளை ஓட்டுநராகச் சேர்க்கச் சொல்லி ஏஜெண்டுக்குத் தகவல் அனுப்பிவிட்டு, இருவரும் முனீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். பூசாரி கொடுத்த பழத்தை அவள் டேஷ்போர்டில் வைத்துப் படம் எடுத்தாள். நான் அதை எடுத்து என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

“ஏம்மா, டேஷ்போர்டுல இருந்தா அழகா இருக்கும்லா?”

“பையில இருந்தாலும் சாமிக்குத் தெரியும். நீ ஓட்டு.”

அவள் சக்கரத்தடிப் பழங்களை நசுக்கிக்கொண்டு புறப்பட்டாள். திறந்த ஜன்னல் வழியாக அந்த வாசம் வந்தது. கோயில் மண்பாதையிலிருந்து தார்ச்சாலைக்குத் திரும்பும்போது அவள் என் பக்கம் பார்த்தாள், முகம் சுருங்கியிருந்தது. “கைய எடும்மா, எனக்கு ஓட்டத் தெரியும்.” குனிந்து பார்த்தேன். என் வலது கை ஹேண்ட்பிரேக்கின்மேல் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை.

“நீ ஓட்டு லா” என்றேன். “நான் சும்மாத்தான் வெச்சிருக்கேன்.”