சாந்த் பாஷா சொன்ன தேதி

திருவண்ணாமலை முன்சீப் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாக்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டால், அவருடைய வழக்குக்கு அடுத்த வாய்தா என்றைக்கு என்பதை எதிர்த்தரப்பு குமாஸ்தாவே கேட்டுவைத்துச் சொல்லிவிடுவார். உள்ளே வக்கீல்கள் எப்படி முட்டிக்கொண்டாலும் தேதியில் யாரும் விளையாடமாட்டார்கள். அதிலும் சாந்த் பாஷா சொன்ன தேதி என்றால் மறுபடி விசாரிக்கவே வேண்டாம். இருபத்திரண்டு வருஷமாகச் சேர்த்த பேர் அது. 1978 ஜூலையில் அதை அவரே கெடுத்துக்கொண்டார்.

அவருடைய வக்கீல் ராஜேந்திரனுக்குப் பக்கவாதம் வந்து போனதிலிருந்து நாக்கு குழறும். கீழ்பென்னாத்தூர் மண்டிக்காரர் ஒருவர், எல்லம்மாள் என்கிற விதவையின் ஒன்றரை ஏக்கர் மணிலாக் கடலைக் கொல்லை தன்னுடையது என்று போட்ட வழக்கு. மண்டிக்காரருக்காக ராஜேந்திரன் பேசிக்கொண்டிருந்தபோது எல்லம்மாளின் வக்கீல் எழுந்து, "இவர் பேசறதுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணுங்க" என்றார். கோர்ட்டே சிரித்தது. படித்தவர்கள் சிரிக்கிற சிரிப்பா அது? ராஜேந்திரன் சொன்னதையே நிறுத்தி நிதானமாக இன்னொரு தரம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பின்னால் நின்றிருந்த சாந்த் பாஷாவுக்குத்தான் அது ஆறவில்லை.

சாயங்காலம் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தார் தசரதன். எல்லம்மாளின் வக்கீலுக்குக் குமாஸ்தா அவர்.

"பாய், எல்லம்மா கேஸு என்னைக்கு?"

உண்மையில் வாய்தா பன்னிரண்டாம் தேதி. "பத்தொம்பது," என்றார் சாந்த் பாஷா. தசரதன் டைரியில் குறித்துக்கொண்டு போனார்.

பன்னிரண்டாம் தேதி கோர்ட்டு டவாலி, எல்லம்மாள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். யாரும் வரவில்லை. ராஜேந்திரன் எழுந்து, எதிர்த்தரப்புக்காக மத்தியானம் வரை நேரம் கேட்டார். "போய் அவங்கள கூட்டிட்டு வா பாஷா" என்று அனுப்பவும் செய்தார். சாந்த் பாஷா எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி, "ஆபீஸ்ல ஆள் இல்லீங்க" என்றார். மூன்று மணிக்கு ஒருதலைத் தீர்ப்பானது. கொல்லை மண்டிக்காரருக்கு.

பத்தொன்பதாம் தேதி எல்லம்மாள் முதல் பஸ்ஸில் வந்து கோர்ட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நிலம் போய் ஒரு வாரமாகிறது என்று பத்து மணிக்குத்தான் அவளுக்குச் சொன்னார்கள். அவள் அழவில்லை. சொன்னவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய வக்கீல் வராந்தாவிலேயே தசரதனைப் பிடித்துக்கொண்டார். தேதியைத் தப்பாக எழுதினாயா என்று கத்தினார். சாந்த் பாஷா இரண்டு தூண் தள்ளி நின்றிருந்தார். தன் பெயர் இப்போது வரும் என்று காத்திருந்தார்.

"பாய் சரியாத்தான் சொல்லியிருப்பாருங்க," என்றார் தசரதன். "அவரு தப்பு சொல்ற ஆளு இல்ல. என் காதுல தப்பா விழுந்திருக்கும்."

அன்றைக்கே தசரதனுக்கு வேலை போயிற்று.

சாந்த் பாஷா மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. ராஜேந்திரனின் மேஜை முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். ராஜேந்திரன் பேனாவை மூடிவைத்தார்.

"அந்த வக்கீல் என்னைக் கேலி பண்ணார். சரி. அந்தம்மா என்ன பண்ணுச்சு?"

தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி எல்லம்மாள் மனுப்போட முப்பது நாள்தான் கெடு. ராஜேந்திரன் மண்டிக்காரரைக் கூப்பிட்டு, இந்தத் தீர்ப்பைத் தாங்கிப் பேச என்னால் முடியாது என்று வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். எல்லம்மாளின் மனுவோடு சேர்க்க, தேதியை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னது நான்தான் என்று சாந்த் பாஷா தன் கையாலேயே பிரமாணப் பத்திரம் டைப் அடித்தார். எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்தவர், முதல் தடவையாகச் சொந்தப் பெயரை அடித்தார். வேலை போகலாம், ஜெயிலும் வரலாம் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார்.

முன்சீப் அதை உரக்கப் படித்தார். யாரும் சிரிக்கவில்லை. தீர்ப்பு ரத்தானது, வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது. தசரதனை அவருடைய வக்கீல் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். ஆறு மாசம் கோர்ட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று சாந்த் பாஷாவுக்கு உத்தரவு.

வெளியே வந்தபோது எல்லம்மாள் வழியில் நின்றாள். அவர் கைகூப்பினார்.

"என் கொல்லை மேல கண்ணு வெச்சவங்க எத்தினியோ பேரு பாய்," என்றாள். "நான்தான் செஞ்சேன்னு ஒருத்தனும் வந்து சொன்னதில்ல. நீ சொல்லிட்ட. அதுக்காவ நான் மறந்துடுவேன்னு நெனச்சிக்காத."

"மறக்க வேணாம்மா," என்றார் சாந்த் பாஷா.