கண்ணாடித் தட்டில் செத்த புழு

தாவர எண்ணெயால் ஒட்டுண்ணிகளைக் கொல்லும் ஆராய்ச்சியில், புழுவுக்கு முன்பே ஆராய்ச்சியாளர்தான் சுருண்டு விழுவார் என்பது, சக பாவிகளே, உங்களுக்கும் தெரிந்ததுதான். எண்பதுகளின் இறுதியில் எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு கோடை. நாய்த்துளசி எண்ணெயில் ஆட்டு வயிற்றுப் புழு சாகிறது என்று தொடர்ந்து மூன்று முறை காட்டினால் முனைவர் பட்டம்; தவறினால், அப்பா பேசி வைத்திருந்த பருத்தி மண்டி மாப்பிள்ளை.

ஒரு சாக்குத் தழை

திருச்சுழித் தரிசுகளில் தானாக முளைக்கும் நாய்த்துளசியை அறுத்துத் தந்தவர், ஆடு மேய்க்கும் முத்தம்மாள். மழை பெய்தால் புழு கண்டு அவருடைய ஆடுகள் சாகும். மருந்து பிறந்தால் முதலில் தனக்கு என்பதே அவர் கேட்ட கூலி. ஒரு சாக்குத் தழையை, ஆவியைக் குளிரவைத்து எண்ணெய் பிரிக்கும் வாலையில் காய்ச்சி நான் இறக்கிய எண்ணெய், சிறு குப்பியின் அடியை நனைத்தது. முத்தம்மாள் எட்டிப் பார்த்தார்.

"ஏத்தா, இது எங்க வீட்டுல தாளிக்கக்கூடக் காணாதே!"

கழுவிய குடல்

உயிருள்ள புழு, அப்போதுதான் அறுத்த ஆட்டின் இரைப்பையில்தான் கிடைக்கும். அருப்புக்கோட்டைக் கறிக்கடைக்காரரிடம் ஒன்று எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். படித்த பெண்ணுக்குத் தருவதாயிற்றே என்று, மஞ்சள் தேய்த்து, சுடுநீரில் மூன்று முறை அலசி, இலையில் மடித்து நீட்டினார். ஒரு வாரம் வீண். எனக்கு வேண்டியது புழுதான் என்று நான் குரலை உயர்த்தியதும் பதறிப்போனார்.

"மெல்லப் பேசுங்கம்மா! புழுவுள்ள குடலு எங்கடையில கெடைக்கும்னு நாலு பேரு காதுல விழுந்தா, என் யாவாரம் என்னத்துக்காகும்?"

சமநீதி

இரண்டு தட்டுகளில் புழுக்கள். ஒன்றில் மட்டும் எண்ணெய். மற்றதில் இருப்பவை உயிரோடிருந்தால்தான், கொன்றது எண்ணெய் என்று நிரூபணமாகும். இரண்டு சோதனைகள் பிசகாமல் முடிந்திருந்தன. மூன்றாவதன் நடுவே சாப்பிடப் போய்த் திரும்பினேன். இரண்டு தட்டிலும் பிணங்கள். ஆய்வக உதவியாளர் சண்முகம் அடுத்த தட்டுக்கும் எண்ணெய் ஊற்றியிருந்தார். மூன்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றேன். அவருக்கு வருத்தம் என்மீதுதான்.

"பந்தியில பக்கத்துப் பக்கத்துல உக்கார வச்சிட்டு, ஒரு எலைக்கு மட்டும் பரிமாறுனா நல்லாவா இருக்கு டீச்சர்?"

காலிக் குப்பி

கோடை முடியுமுன் மூன்றும் கூடிவந்தன. மண்டி மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் பெண் பார்த்தார்கள். முதல் மழைக்கு மறுவாரம் முத்தம்மாள் காலிக் குப்பியோடு வந்து நின்றார்; நான்கு ஆடுகளுக்குப் புழு கண்டு தாடை வீங்கிவிட்டதாம். உயிருள்ள ஆட்டுக்கு எவ்வளவு கொடுப்பது, கொடுத்தால் ஆடு பிழைக்குமா என்பதெல்லாம் தனி ஆராய்ச்சி, அதற்கு அனுமதி இல்லை, ஆகவே தர முடியாது என்றேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அப்ப இந்த எண்ண, கண்ணாடித் தட்டுல ஆடு வளக்குறவுகளுக்குத்தானா?"

எனக்கு முனைவர் பட்டம் கிடைத்த செய்தி, திருச்சுழி ஆடுகளின் வயிற்றிலிருக்கும் புழுக்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.